காலண்டர் முருகனின் மூலையில் ஒரு கையெழுத்து



இன்னைக்குத் தலபுராணமும் இல்லை, விரத முறையும் இல்லை. ஒரு ஓவியரைப் பற்றிப் படிக்கப் போறோம். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. கண்ணை மூடி முருகனை நினைச்சுப் பாருங்க. அஞ்சு விநாடி போதும்.

வந்தவர் எப்படி இருந்தார்? பெரும்பாலானவங்களுக்கு ரோஜா நிறக் கன்னம், அகன்ற கண், உதட்டுல லேசான சிரிப்பு, நெற்றியில் விபூதிப் பட்டை, தலையில் கிரீடம், பின்னால தோகை விரிச்ச மயில், தோளில் சாய்ந்த வேல் என்றுதான் வந்திருக்கும். இப்போ கோயில்களை ஒவ்வொன்றாக நினைச்சுப் பாருங்க. பழநியில் கையில் தண்டோடு நிற்கும் ஆண்டி. திருச்செந்தூரில் நான்கு கையோடு நின்ற கோலம். திருப்பரங்குன்றத்தில் மலையைக் குடைந்த கருவறையில் அமர்ந்த கோலம். கழுகுமலையில் ஒரு முகம், ஆறு கை. இதுல எந்த மூலவருக்கும் ரோஜா நிறக் கன்னம் கிடையாது. அப்படின்னா நம்ம மனசுல முதல்ல வந்த முகம் எங்கிருந்து வந்தது?

காலண்டரிலிருந்து வந்தது. அந்தக் காலண்டர் முகத்தை வரைந்து பழக்கப்படுத்தினவர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர் சி. கொண்டைய ராஜு. 1898ல் பிறந்து 1976ல் மறைந்தவர். அவர் படத்தை நாம எல்லாரும் கும்பிட்டிருக்கோம். பெயரைக் கேட்டா பத்தில் ஒன்பது பேர் முழிப்போம்.

இவருக்கு முன்னாடி ரவிவர்மா இருந்தார் என்பது பலருக்குத் தெரியும். 1848ல் பிறந்த ரவிவர்மா 1873ல் சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம் வாங்கினார். வியன்னா, சிகாகோ கண்காட்சிகளிலும் பரிசு. ராஜாக்களையும் ராணிகளையும் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த கையால் லட்சுமியையும் சரஸ்வதியையும் வரைந்தார். 1894ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, அரண்மனைச் சுவரில் தொங்கின படத்தைக் கடைத்தெருவுக்குக் கொண்டு வந்தார். வள்ளி தெய்வானையோடு மயில்மேல் அமர்ந்த ஆறுமுகப் பெருமானும் அந்த அச்சகத்துப் படங்களில் உண்டு. அதனால "சாமி படம்னாலே ரவிவர்மாதான்" என்று பேசி முடிச்சிடுவாங்க. பாதி உண்மை. மீதிப் பாதி கோவில்பட்டியில் நடந்தது.

கொண்டைய ராஜு மயிலாப்பூரில் பிறந்தவர். எழும்பூர்ப் பக்கம் இருக்கிற சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். 1850ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கிய பள்ளி அது. இன்னைக்கு அரசு கவின் கலைக் கல்லூரி. மாடலைப் பார்த்து வரைவது, உடம்பின் அளவுகள், ஒளி நிழல், தூரம் போகப் போகப் பொருள் சிறுத்துத் தெரிவது என்று மேல்நாட்டு முறையில் அங்கே பாடம் நடக்கும். இந்தப் படிப்பு முடிச்சவருக்கு அடுத்த படி என்னன்னா ஓவிய ஆசிரியர் வேலை, இல்லைன்னா அரசாங்க உத்தியோகம். நம்ம காலத்து கேம்பஸ் இன்டர்வியூ மாதிரி போட்டு வச்ச ரோடு. இவர் அந்த ரோட்டில் போகவில்லை. திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷியின் அருகில் சில காலம் இருந்தார்.

இதுல முருகன் அடியார்கள் கவனிக்க ஒரு விஷயம் இருக்கு. ரமணரை முருகனின் அவதாரமாகவே பார்த்த அடியார்கள் அந்தக் காலத்திலேயே உண்டு. காவ்யகண்ட கணபதி முனிவர் அதில் முக்கியமானவர். ஒரு பேச்சும் இல்லாமல், எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்வையாலேயே நிறைக்கிறார் என்றுதான் ரமணரைப் பார்க்க வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இளம் வயதில் அந்தப் பார்வைக்கு எதிரே உட்கார்ந்த ஒரு ஓவியர், பிறகு முப்பது வருஷம் சாமியின் கண்களை வரைந்தார். இரண்டையும் நூல் போட்டுக் கட்ட என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனா படங்களைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

நாடகக் கொட்டகை

ஆசிரமத்திலிருந்து அவர் போன இடம் நாடகக் கம்பெனி. கேட்கவே வேடிக்கையா இருக்கும். ஆனா அந்தக் காலத்தில் ஓவியருக்குச் சம்பளம் கொடுக்கிற பெரிய இடங்களில் அதுவும் ஒன்று. சீன் எழுதுகிற வேலை. காடு, தெரு, தர்பார், நந்தவனம், கைலாசம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படுதா. மேலே சுருட்டி வச்சிருப்பாங்க, காட்சி வந்ததும் கீழே இறங்கும். கடைசி வரிசையில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவனுக்கும் அது காடுன்னு தெரியணும். மண்ணெண்ணெய் விளக்கோ பெட்ரோமாக்ஸோ, அந்த வெளிச்சத்துல நிறம் செத்துப் போகக் கூடாது.

சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' தெற்கத்திக் கம்பெனிகளுக்குச் சோறு போட்ட நாடகம். ராத்திரி முழுக்க நடக்கும். தினைப்புனம், வேடன், வேங்கை மரம், கிழவர், யானை, கடைசியில் மயில்மேல் முருகன் காட்சி கொடுப்பார். அந்தக் கடைசிக் காட்சியில் சாமியாக நிற்கிறவர் நடிக்க வேண்டியதே இல்லை, அசையாமல் ஜனங்களைப் பார்த்து நிற்கணும். கொட்டகையில் கற்பூரம் காட்டுவாங்க. முருகன் வேஷம் கட்டுவது பெரும்பாலும் மீசை அரும்பாத பையன். முகத்துல அரிதாரம், கன்னத்துல சிவப்பு, கண்ணுக்கு மை, தலையில் ஜிகினா ஒட்டின கிரீடம்.

இப்போ நீங்க முதல்ல கண்ணை மூடிப் பார்த்த அந்த முகத்தை மறுபடி நினைச்சுப் பாருங்க.

எனக்குத் தோன்றுவதைச் சொல்றேன். காலண்டர் முருகனின் ரோஜாக் கன்னம் அரிதாரக் கன்னம். அவருக்குப் பின்னாடி இருக்கிற மலை, ஏரி, வளைந்து போகிற பாதை எல்லாம் படுதா. இரண்டு பக்கமும் தூண், மேலே ஒதுக்கிக் கட்டின பட்டுத்திரை வந்தால் அது மேடையேதான். குறையாகச் சொல்லவில்லை. பார்த்ததும் கை கூப்ப வைக்கிற ஒரு காட்சியை எப்படி அமைப்பது என்று கொட்டகை பல வருஷம் பரிசோதனை செய்து வச்சிருந்தது. கொண்டைய ராஜு அதை எடுத்து அட்டைக்குள் வைத்தார்.

1940களின் தொடக்கத்தில் அவர் இருந்த கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. சினிமா வந்துவிட்டது, கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்துகொண்டிருந்த நேரம். நடிகர்கள் ஊருக்கோ சினிமாவுக்கோ போனார்கள். கொண்டைய ராஜு கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். கரிசல் பூமி, தீப்பெட்டி ஊர், ஓவியத்துக்கும் அதுக்கும் அதுவரை பெரிய சம்பந்தம் இல்லை. அங்கே தேவி ஆர்ட் ஸ்டுடியோ உருவானது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. சீடர்கள்தான் குடும்பம். டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், கோ. செண்பகராமன், மீனாட்சிசுந்தரம். இந்தப் பெயர்களை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

ஸ்டுடியோ வெளிச்சம்

கோவில்பட்டி ஓவியர்களின் இன்னொரு பிழைப்பு உருவப்படம். போட்டோவே அபூர்வமான காலம். ஒரு வீட்டில் பெரியவர் இறந்துட்டா, எப்பவோ எடுத்த மங்கலான குரூப் போட்டோ ஒன்றுதான் இருக்கும். அதை எடுத்துக்கிட்டு ஓவியரிடம் வருவாங்க. அவர் கட்டம் போட்டுப் பெரிதாக்கி, முகத்தை மட்டும் தனியாக எடுத்து, நல்ல சட்டையும் துண்டும் போட்டு, நாற்காலியில் உட்கார வச்சு வரைஞ்சு கொடுப்பார். போட்டோ ஸ்டுடியோவிலும் ஓவியருக்கு வேலை உண்டு. நெகட்டிவில் பென்சிலால் அம்மைத் தழும்பை மறைக்கணும், கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் ஏற்றணும். நாம ஆப்பில் ஃபில்டர் போடுறோம் இல்லையா, அதைப் பொறுமையோடு விரலால் செய்த தலைமுறை.

இந்த வேலையின் இலக்கணம் ஒன்று உண்டு. வீட்டுக்காரங்களுக்கு அந்தப் படம் கலைப்பொருள் இல்லை. மாலை போட்டு, பொட்டு வச்சு, விளக்கேற்றப் போறாங்க. அதனால தாத்தா பக்கவாட்டில் எங்கேயோ பார்க்கக் கூடாது. நம்மைப் பார்க்கணும். முகத்துல பாதி இருட்டில் இருக்கக் கூடாது. அடையாளம் தப்பக் கூடாது, ஆனா இருந்ததைவிடக் கொஞ்சம் தெளிவாக இருக்கணும்.

இதே இலக்கணம்தான் சாமி படத்துக்கும் போனது. ரவிவர்மாவின் பெரிய எண்ணெய் ஓவியங்களில் தமயந்தி அன்னத்தைப் பார்க்கிறாள், சகுந்தலை முள் எடுக்கிற சாக்கில் திரும்பிப் பார்க்கிறாள். கதைக்குள்ளே கதாபாத்திரங்கள் அவங்க பாட்டுக்கு இருக்காங்க, நாம் வெளியே நின்று பார்க்கிறோம். கோவில்பட்டிப் படத்தில் முருகனுக்குக் கதை அவசரம் எதுவும் இல்லை. கல்யாணம் நடக்கிற படமாக இருந்தாலும் முகம் நம் பக்கம்தான். எண்ணெய் வண்ணத்தின் கனத்த நிழலும் இங்கே இல்லை. தண்ணீரில் கரையும் வண்ணங்களில், அட்டையில், எல்லா இடமும் ஒரே தெளிவாக வரைகிற முறை. நகையில் ஒவ்வொரு முத்தும் தனித்தனியா எண்ணுகிற மாதிரி இருக்கும்.

கண் விஷயத்தில் கொஞ்சம் நிற்போம், ஏன்னா எஞ்சினியரிங் படிச்ச எனக்கு இது ரொம்பப் பிடிச்ச இடம். நேராகப் பார்க்கிற மாதிரி வரைந்த படம் ஒன்றைச் சுவரில் மாட்டுங்க. இடது ஓரம் போங்க, வலது ஓரம் போங்க. கண் உங்க கூடவே வரும். இது மாயம் இல்லை. தட்டையான பரப்பில் கருவிழிக்கு இரண்டு பக்கமும் தெரிகிற வெள்ளையின் விகிதம் நீங்க எங்கே நின்றாலும் மாறாது. சிலைக்கு அப்படி இல்லை. அது முப்பரிமாணம். கருவறைக்கு நேரே நின்றால்தான் மூலவரின் பார்வை உங்கள்மேல் விழும். இரண்டு அடி தள்ளினா கன்னம் தெரியும், காது தெரியும், பார்வை போய்விடும். அதனால்தான் சந்நிதியில் நடுவில் நிற்க அத்தனை தள்ளுமுள்ளு.

அடுக்களையில் மாட்டின காலண்டருக்கு எதிரே யாரும் நேராக நிற்கப் போவதில்லை. அம்மா அடுப்பிலிருந்து அம்மிக்குப் போவாங்க, அங்கிருந்து தண்ணிக் குடத்துக்குப் போவாங்க. பார்வை கூடவே போகும். மேல்நாட்டு உருவப்பட முறை என்று சென்னையில் படித்த பாடம், கடைசியில் செய்த வேலை இதுதான்.

சிவகாசி

கோவில்பட்டியிலிருந்து சிவகாசி சுமார் 40 கிலோமீட்டர். 1920களின் தொடக்கத்தில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், பட்டாசுக்கு உறை வேணும், அதுக்கு அச்சகம் வேணும். அச்சகம் வந்த பிறகு லேபிளோடு நிற்குமா? 1950களில் காலண்டர் பெரிய தொழிலாக வளர்ந்தது. மிஷின் அங்கே தயார், படம் வரைய ஆள் இங்கே தயார். கொண்டைய ராஜுவின் மீனாட்சி திருக்கல்யாணமும், முருகன், லட்சுமி, சரஸ்வதி படங்களும் சிவகாசி வழியாக வெளியே போயின.

இங்கே ஒரு வரலாற்றைச் சொல்லாமல் போனா பாடம் முழுமையாகாது. சிவகாசித் தொழிலை வளர்த்த நாடார் சமூகத்துக்குப் பல கோயில்களின் வாசல் ஒரு காலத்தில் மூடியிருந்தது. 1895ல் கழுகுமலையில் கலவரம். 1897ல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக வழக்கு. அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899ல் சிவகாசியிலேயே பெரும் கலவரம். 1939ல்தான் மதுரை மீனாட்சி கோயிலில் ஆலயப் பிரவேசம். மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947ல் வந்தது. தாத்தா காலத்தில் சாமியைத் தூரத்தில் நின்று கும்பிடச் சொன்னார்கள். பேரன் காலத்தில் அவர்கள் ஊர் மிஷின் அதே சாமியை நாட்டின் மூலை முடுக்கெல்லாம் அனுப்பியது. அந்தப் படத்துக்கு வாசல் கிடையாது, நடை சாத்துகிற நேரம் கிடையாது, "நீ யாரு, எந்த ஊரு" என்று கேட்க ஆள் கிடையாது. குடிசையில் சோற்றுப்பசை தடவி ஒட்டினாலும் அதே முருகன்தான். கொண்டைய ராஜுவின் படங்கள் ஏன் இவ்வளவு பரவின என்று கேட்டால், அழகு ஒரு காரணம்தான். சாமியை வீட்டுக்குள்ளேயே நேருக்கு நேராகப் பார்க்கக் காத்திருந்த ஜனங்கள் இன்னொரு காரணம்.

வியாபார முறையும் தெரிஞ்சுக்கோங்க. புது வருஷ காலண்டர் ஆல்பம் ஆடிப்பெருக்கு அன்னைக்கே சிவகாசியில் வெளியாகும். ஏஜெண்டுகள் அதை எடுத்துக்கிட்டு ஊர் ஊராகப் போவார்கள். ஜவுளிக்கடை, நகைக்கடை, அரிசி மண்டிக்காரர் படத்தைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் கொடுப்பார். அதனால படத்தின் கீழே கடைப் பெயர் அச்சடிக்க இடம் விட்டே வச்சிருப்பாங்க. ஓவியரிடம் அச்சகம் படத்தை ஒரே விலையாக வாங்கும். பிறகு எத்தனை வருஷம், எத்தனை ஆயிரம் அடிச்சாலும் அது அச்சகத்தின் சொத்து. நம்ம பாஷையில் சொன்னால் ராயல்டி கிடையாது.

பரிசுன்னு பார்த்தால் ரவிவர்மாவுக்குப் பதக்கங்கள். இவருடைய படத்துக்கு விடியற்காலையில் குளிச்சிட்டு வந்து குங்குமம் வச்சார்கள். அதில் எது பெரிசுன்னு ஓவியரைத்தான் கேட்கணும்.

படத்தைப் படிப்பது எப்படி

இப்போ உங்க வீட்டுப் பழைய முருகன் படம் ஒன்றை முன்னால் வச்சுக்கோங்க. யார் வரைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, அந்த மரபு ஒன்றுதான்.

முதல்ல பாதம். இரண்டு பாதமும் முழுசாகத் தெரியுதா பாருங்க. நின்றாலும், மயில்மேல் உட்கார்ந்தாலும், பாதத்தை ஓவியர் மறைக்க மாட்டார். பூ வைக்கிறவங்க முதல்ல தேடுகிற இடம் அது. நாம டிபி வைக்கிறதுக்காக மார்பளவில் வெட்டுறோமே, அந்த வெட்டில் முதலில் போவது இதுதான்.

அடுத்து ஆறுமுகம். ஒரு கழுத்தில் ஆறு முகத்தை வைப்பது சிற்பிக்கு வேற கணக்கு, பின்பக்கமும் செதுக்கலாம். ஓவியருக்குப் பின்பக்கமே இல்லை. ஆறும் முன்னால் தெரியணும், அதே நேரம் நடு முகம் பெரிய ஆளாக இருக்கணும். நடுவில் ஒன்று நேராக நம்மைப் பார்க்க, மற்றவை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே போகும். சில படங்களில் ஒரு முகம் மேலே ஏறிவிடும். இதில் எனக்கு ஆச்சரியம் வேற இடத்தில். திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் ஆறு முகத்துக்கும் ஆறு வேலை சொல்கிறார். ஒன்று உலகத்துக்கு ஒளி தரும், ஒன்று வரம் கொடுக்கும், ஒன்று போரை நினைக்கும், ஒன்று வள்ளியைப் பார்த்துச் சிரிக்கும், இப்படி. காலண்டரில் ஆறு முகமும் ஒரே முகம். போர் முகம் காணோம். பன்னிரண்டு கையில் வாளும் வில்லும் வஜ்ரமும் இருக்கும், ஆனா எந்த முகத்திலும் கோபம் இருக்காது. வீட்டுக்குள் வருகிற சாமி அல்லவா. நக்கீரர் படித்தவர்களுக்கு இது ஒரு இழப்பாகத் தெரியும். எனக்கும் தெரியுது, மறைக்கலை.

அப்புறம் வள்ளி, தெய்வானை. சுவாமிக்கு வலப்பக்கம் வள்ளி, இடப்பக்கம் தெய்வானை என்பதுதான் பரவலான வழக்கம். அதாவது படத்தைப் பார்க்கிற நமக்கு வள்ளி இடது கைப் பக்கம். மொபைலில் படத்தைக் கண்ணாடி மாதிரித் திருப்பிப் போடுகிறவர்களால் இது மாறிப் போவதைப் பார்த்திருக்கேன். சந்தேகம் வந்தால் வேல் எந்தக் கையில், எழுத்து தலைகீழாக இருக்கா என்று பாருங்க.

கொண்டைய ராஜுவோடு ஒப்பிட ஒருத்தரைச் சொல்லணும்னா சில்பி. பி.எம். சீனிவாசன் என்பது அவர் இயற்பெயர், 1919ல் பிறந்தவர். ஆனந்த விகடனில் தென்னாட்டுச் செல்வங்கள் வரிசையில் கோயில் சிற்பங்களைக் கோட்டோவியமாக வரைந்தவர். சில்பியின் படத்தில் கல் கல்லாகவே இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் உளி பட்ட இடமும் தெரியும். நீங்க கோயிலுக்குப் போன அனுபவம் கிடைக்கும். கொண்டைய ராஜு படத்தில் சாமி உங்க வீட்டுக்கு வந்த அனுபவம். இரண்டில் எது உயர்ந்தது என்று பட்டிமன்றம் நடத்த எனக்கு ஆசை இல்லை, ஆனா சாமி படம் வரைகிற தம்பி தங்கைகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும்.

கடைசியா மூலை. படத்தின் கீழ் ஓரத்தில், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் பெயர் இருக்கும். கொண்டைய ராஜுவின் பெயரோடு சேர்ந்து சீடர் சுப்பையாவின் பெயரும் இருக்கிற படங்கள் உண்டு. குருவும் சீடரும் ஒரே படத்தில் வேலை செய்து, இருவர் பெயரையும் போட்டுக்கொண்டார்கள். மற்ற சீடர்களும் அவரவர் பெயரில் வரைந்தார்கள்.

ஆனா அந்த மூலை பெரும்பாலும் நம்ம வீட்டில் இருக்காது. காரணம் எங்க ஆச்சிகிட்ட கேட்டப்போ தெரிஞ்சது. திருநெல்வேலிப் பக்கம் எங்க ஊர் வீட்டில் சாமி அலமாரியில் ஒரு வள்ளி தெய்வானை படம் இருக்கு. யார் வரைஞ்சது ஆச்சின்னு கேட்டேன்.

"சாமிய யாருல வரைவா? காலண்டர்ல வந்துச்சு. வருசம் முடிஞ்சதும் கீழ கடைப் பேரு இருந்துச்சுல்லா, அத மட்டும் கத்தரிச்சுட்டு சட்டம் போட்டேன்."

கடைப் பெயரோடு ஓவியர் பெயரும் கத்தரியில் போயிருக்கு. ஆச்சி மட்டும் இல்லை, தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் இப்படித்தான் நடந்திருக்கும். கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் இங்கிலிஸ் என்ற ஆய்வாளர் கொண்டைய ராஜுவைப் பற்றி 1995ல் வெளிவந்த ஒரு ஆங்கிலக் கட்டுரைக்கு 'சட்டம் போட ஏற்றது' என்ற அர்த்தத்தில்தான் தலைப்பு வைத்தார். சரியான தலைப்பு. சட்டம் போட்ட அந்த நிமிஷத்தில் அது விளம்பரத் தாள் என்பதிலிருந்து சாமி ஆகிறது. ஓவியரும் அந்த நிமிஷத்தில்தான் காணாமல் போகிறார்.

ஆச்சியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. அவங்களுக்கு அது சாமி, சாமிக்குக் கையெழுத்து எதுக்கு? ஆனா நாம செய்வது வேற. தினமும் காலையில் வருகிற முருகன் ஃபார்வர்டுகளைப் பாருங்க. கோவில்பட்டிப் படத்தை எடுத்து, மூலையை வெட்டி, மேலே 'இனிய செவ்வாய்' என்று எழுதி, கீழே தன் பேஜ் பெயரை வாட்டர்மார்க் போட்டு அனுப்புகிறார்கள். ஓவியர் பெயருக்கு இடம் இல்லை, அட்மின் பெயருக்கு இடம் இருக்கு. சாஃப்ட்வேர் வேலையில் அடுத்தவன் எழுதின கோடில் அவன் பெயர் வரியை மட்டும் அழிச்சுட்டு நம்ம பெயரைப் போட்டா அதுக்கு என்ன பெயர்னு இங்கே பல பேருக்குத் தெரியும்.

ஏஐ முருகன்களைப் பற்றியும் கேட்கிறீங்க. நான் அந்தத் துறைக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறவன், எதிரி இல்லை. ஆனா வருகிற படங்களைப் பாருங்க: ஜிம்முக்குப் போய் வந்த உடம்பு, அடர்ந்த தாடி, புருவத்தை நெரித்த கோபம், பின்னால் நெருப்பு, பக்கவாட்டில் திரும்பின முகம். எண்ணிப் பார்த்தா ஆறுமுகத்துக்கு ஐந்து முகம், மயிலுக்கு மூன்று கால். தோளில் வேல் இருக்கு, பிடிக்கிற கை இல்லை. எண்ணிக்கைத் தப்பை அடுத்த வெர்ஷன் சரி பண்ணிடும், அது எனக்குக் கவலை இல்லை. அந்த முருகன் நம்மைப் பார்க்கவில்லை என்பதுதான் என் கவலை. அவர் சினிமா போஸ்டர் மாதிரி எங்கேயோ பார்க்கிறார். நாம் அவரை ரசிக்கலாம், லைக் போடலாம். அவருக்கு எதிரே உட்கார்ந்து ஆபீஸ் கஷ்டத்தைச் சொல்ல முடியுமான்னு நீங்களே உட்கார்ந்து பார்த்துச் சொல்லுங்க. சஷ்டி ஆறு நாளும் வச்சுப் பூஜை பண்ண ஒரு படம் வேணும்னா எங்க வீட்டில் இன்னும் ஆச்சியின் படத்தைத்தான் இறக்குகிறோம்.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை தர்றேன். வீட்டில் இருக்கிற, பாட்டி வீட்டில் இருக்கிற, பழைய கடைகளில் தொங்குகிற சாமி படங்களின் கீழ் மூலையைப் பாருங்க. சட்டத்துக்குள்ளே பெயர் மறைஞ்சிருக்கும், அதனால டார்ச் அடிச்சுப் பாருங்க. பழைய படத்தைச் சட்டத்திலிருந்து பிரிக்க வேண்டாம், தாள் நொறுங்கிடும். கொண்டைய ராஜு, சுப்பையா, இராமலிங்கம், அருணாசலம், செண்பகராமன், மீனாட்சிசுந்தரம், இதில் எந்தப் பெயர் கண்ணில் பட்டாலும் படத்தை முழுசாக, பாதம் வெட்டாமல், போட்டோ எடுத்து குரூப்பில் போடுங்க. எந்தக் கடை காலண்டர், எந்த வருஷம், வீட்டில் யார் சட்டம் போட்டாங்க என்று தெரிஞ்சா அதையும் ஒரு வரி எழுதுங்க. பெயர் தெரியாத படமாக இருந்தாலும் அனுப்புங்க. கோவில்பட்டி, சிவகாசிப் பக்கத்து அன்பர்கள் நம்ம குரூப்பில் இருக்காங்க, கையைப் பார்த்தே சொல்லக்கூடிய பெரியவங்க அவங்க வீட்டில் யாராவது இருக்கலாம்.